போனது கேஸ் இல்ல, கேஸ்கெட்: வீட்டு ஃப்ரிட்ஜ நாமளே பாத்துக்குறது

போன சித்திரைல திருமங்கலத்துல இருந்து மாமியார் போன். "மாப்ள, ஃப்ரிட்ஜ் கூலிங்கே புடிக்க மாட்டேங்குது, மாவு ஒரே நாள்ல புளிச்சுப் பொங்குது, மெக்கானிக் வந்து பாத்துட்டு கேஸ் போயிருச்சுங்குறாரு, 3000 ஆகுமாம், குடுத்துரவா"ன்னாங்க. ஞாயித்துக்கெழம வாறேன் அத்தை, அதுவரைக்கும் ஒண்ணும் குடுக்காதீங்கன்னு சொல்லிட்டு போய்ப் பாத்தா, கதவோட அடிப்பக்கம் கேஸ்கெட் (கதவோட உள்ஓரத்துல சுத்தி இருக்குற ரப்பர் பட்டை) ஒரு ஜாண் நீளத்துக்குக் கிழிஞ்சு வாயப் பொளந்துக்கிட்டு நிக்குது. கைய வச்சா அந்த எடத்துல ஜில்லுன்னு காத்து வெளிய வருது. போனது கேஸ் இல்ல, கேஸ்கெட். மாத்த ஆன செலவு 600 ரூவாயும் அரை மணி நேரமும், ரெண்டு டம்ளர் மோரும்.

நான் மெக்கானிக் கெடையாது, ஆபீஸ் வேலைதான். ஆனா சொந்த ஃப்ரிட்ஜ ஒரு தடவ நானே கெடுத்து (அத அப்பறம் சொல்றேன்), ரெண்டு மூணு தடவ சரி பண்ணி, சொந்தக்காரங்க வீட்டுலயெல்லாம் பாத்து ஒரு விஷயம் புரிஞ்சுது: கூலிங் இல்லன்னா உடனே கேஸ்னு சொல்றது ஒரு பழக்கமாவே ஆகிப்போச்சு. கேஸ் சமையல் சிலிண்டர் மாதிரி தீந்து போற பொருள் இல்லங்க. கம்ப்ரசர்ல இருந்து கெளம்பி பின்னாடி இருக்குற காயில், ஃப்ரீசர்னு சுத்தி மறுபடி கம்ப்ரசருக்கே வந்துரும், வருசக்கணக்கா அதே கேஸ்தான். குழாய்ல எங்கயாவது ஓட்ட விழுந்தாத்தான் கொறையும். அதனால கேஸுக்குத் தலையாட்டுறதுக்கு முன்னாடி ஒண்ணு செஞ்சு பாருங்க, கம்ப்ரசர் ஓடுற சத்தம் கேக்குதா, அரை மணி நேரம் ஓடுன பெறகு பின்பக்க காயிலத் தொட்டா (புது மாடல்ல காயில் வெளிய தெரியாது, பக்கவாட்டுத் தகடத் தொடணும்) நல்லா சூடா இருக்கா, சிங்கிள் டோர்னா ஃப்ரீசர் உள்சுவர் முழுக்க ஒரே மாதிரி பனி படியுதா. இந்த மூணும் இருந்தா கேஸ் இருக்கு. கம்ப்ரசர் நிக்காம ஓடுது, காயில்ல சூடே இல்ல, ஃப்ரீசர்ல ஒரு மூலைல மட்டும் கையகலத்துக்குப் பனி புடிக்குதுன்னா அப்பத்தான் கேஸ் மேல சந்தேகப்படணும்.

வேலையில எறங்குறதுக்கு முன்னாடி பிளக்கப் புடுங்கிருங்க. சுவிட்ச ஆஃப் பண்ணா போதாது, நம்ம வீட்டு வயரிங்ல பேஸும் நியூட்ரலும் மாறிக் கெடக்குறது சகஜம், ஆஃப்ல இருந்தாலும் உள்ள கரண்ட் இருக்கும். செருப்பு போட்டுக்கோங்க, தரை ஈரமில்லாம தொடச்சுக்கோங்க. ஒரு ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், ஒரு தட்டை டிரைவர், டெஸ்டர், 300, 400 ரூவாய்க்கு கெடைக்குற ஒரு சின்ன மல்டிமீட்டர், டார்ச், பழைய டூத் பிரஷ், இவ்ளோ இருந்தா முக்கால்வாசி வேலை ஆயிரும். கழட்டும்போது ஒவ்வொரு வயருக்கும் மொபைல்ல ஒரு போட்டோ எடுத்துக்கோங்க, ஞாபகத்த நம்பாதீங்க.

மொதல்ல கேஸ்கெட், ஏன்னா அதிகமா கெட்டுப்போறது அதான். பத்து ரூவா நோட்ட கதவுக்கும் பாடிக்கும் நடுவுல வச்சு மூடி மெதுவா இழுத்துப் பாருங்க. இறுக்கமா வந்தா நல்லாருக்கு, வழுக்கிக்கிட்டு வந்தா அந்த எடத்துல காத்து போகுது. நாலு பக்கமும் அரையடிக்கு ஒரு தடவ இப்படியே சுத்தி வரணும். ராத்திரில லைட்ட அணைச்சுட்டு மொபைல் டார்ச்ச உள்ள வச்சு கதவ மூடிப் பாத்தாலும் எங்க வெளிச்சம் கசியுதுன்னு தெரிஞ்சுரும். கிழியாம வெறுமனே அழுக்கேறி வெறச்சுப் போயிருந்தா மாத்த வேண்டியதில்ல. சோப்புத் தண்ணில டூத் பிரஷ் வச்சு மடிப்பு மடிப்பா வெலக்கித் தேய்ங்க. எங்க அத்தை வீட்டுல அந்த மடிப்புக்குள்ள காஞ்ச கறிவேப்பிலை, மாவுப் பொறுக்கு, ஒரு பழைய ரப்பர் பேண்டு எல்லாம் இருந்துச்சு. தேய்ச்ச பெறகு ஹேர் டிரையர கொஞ்சம் தள்ளிப் புடிச்சு சூடு காட்டுனா ரப்பர் எளகி பழைய வாட்டத்துக்கு வரும், டிரையர் இல்லன்னா வெந்நீர்ல துணிய நனைச்சு புழிஞ்சு ஒத்தடம் குடுங்க. கீல் பக்கம் மடிஞ்சு மடிஞ்சு ஒட்டுனா அங்க கொஞ்சூண்டு வாசலின் தடவி விடுங்க.

கிழிஞ்சுருந்தா மாத்தியே ஆகணும், செல்லோ டேப், ஃபெவிகுயிக் எல்லாம் ஒரு வாரத்துக்கு மேல நிக்காது. ஃப்ரிட்ஜுக்குள்ள பக்கச் சுவத்துல ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதுல மாடல் நம்பர போட்டோ எடுத்துக்கோங்க, கேஸ்கெட்டோட நீள அகலத்த டேப் வச்சு அளந்து எழுதிக்கோங்க, முடிஞ்சா பழசுல இருந்து ஒரு விரல் துண்ட வெட்டிக் கையோட கொண்டு போங்க, ஏன்னா அளவு ஒண்ணா இருந்தாலும் பின்பக்கம் சொருகுற வெளிம்போட வடிவம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இப்ப வர்ற ஃப்ரிட்ஜுல அது கதவோட பள்ளத்துல சும்மா சொருகி இருக்கும், ஒரு மூலையப் புடிச்சு இழுத்தா கழண்டு வந்துரும். பழைய மாடல்ல உள்பக்கம் ரப்பர மடிச்சுப் பாத்தா சுத்தி வர ஸ்க்ரூ இருக்கும். இங்கதான் ஒரு சூட்சுமம், எல்லா ஸ்க்ரூவையும் மொத்தமா கழட்டிட்டீங்கன்னா கதவோட உள் பிளாஸ்டிக்கே கையோட வந்துரும், அப்பறம் மாட்டும்போது கதவு முறுக்கிக்கும். அதனால எல்லாத்தையும் லூஸ் மட்டும் பண்ணி பழச உருவிட்டு புதுச சொருகிட்டு, கதவ ஒரு தடவ மூடி நேரா உக்காருதான்னு பாத்துட்டு அப்பறமா ஒண்ணு விட்டு ஒண்ணா டைட் பண்ணுங்க. சொருகும்போது நாலு மூலையையும் மொதல்ல உக்கார வச்சுட்டு நடுப்பகுதிக்கு வரணும், ஒரு பக்கத்துல இருந்து ஆரம்பிச்சு வரிசையா அமுக்கிட்டே போனா கடைசி மூலைல ரப்பர் மிஞ்சிப்போய் புடைச்சுக்கும். புது கேஸ்கெட் பொட்டலத்துல மடிஞ்சு வந்துருக்கும், மாட்டுறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் வெயில்ல விரிச்சுப் போடுங்க. மாட்டுன அன்னைக்கே நோட்டு டெஸ்ட்ல ஒண்ணு ரெண்டு எடம் தோத்தா கவலப்படாதீங்க, ஒரு நா ராத்திரி மூடிக் கெடந்தா படிஞ்சுரும்.

அப்பறம் அந்த காயில். சுவத்தோட ஒட்டி வச்சா சூடு போக எடமில்லாம திணறும், அரையடி தள்ளி வைங்க, பின்னாடி படிஞ்ச ஒட்டடையையும் எண்ணெப் பிசுக்கையும் பிரஷ்ஷால தட்டிவிடுங்க. வருசத்துக்கு ரெண்டு தடவ போதும். அடுப்புக்குப் பக்கத்துல ஃப்ரிட்ஜ வச்சுக்கிட்டு கரண்ட் பில் ஏறுதுன்னு சொல்றவங்களுக்கு எங்கிட்ட மருந்தில்ல.

உள்ள லைட் எரியுது ஆனா கம்ப்ரசர் ஓடல, ரெண்டு மூணு நிமிசத்துக்கு ஒரு தடவ பின்னாடி "டிக்"னு ஒரு சத்தம் மட்டும் வருதுன்னா, மொதல்ல வோல்டேஜப் பாருங்க. சாயங்கால நேரத்துல 170க்குக் கீழ எறங்குற ஊர்ல கம்ப்ரசர் உறுமிட்டு நின்னுரும், அதுக்கு ஸ்டெபிலைசர்தான் வழி, ரிப்பேர் இல்ல. வோல்டேஜ் சரியா இருந்தா அடுத்தது ரிலே. ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி கீழ கருப்பா பானை மாதிரி இருக்கே அதான் கம்ப்ரசர், அதோட பக்கத்துல ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடி, கம்பி கிளிப்ப நெம்புனா வந்துரும். உள்ள ரெண்டு சாமான் இருக்கும், ஒண்ணு பிடிசி ரிலே (கம்ப்ரசரக் கெளப்பி விடுறது), இன்னொண்ணு வட்டமா இருக்குற ஓவர்லோடு (கம்ப்ரசர் சூடு ஏறுனா கரண்ட நிறுத்துறது). கூட கெபாசிட்டர் இருந்தா அதோட ரெண்டு காலையும் வெறுங்கையால தொடாதீங்க, பிளக் புடுங்கின பெறகும் அதுல கரண்ட் நிக்கும், கைப்பிடியில காப்பு நல்லா இருக்குற டிரைவரால ரெண்டு காலையும் ஒரு தடவ சேத்துத் தொட்டு எறக்கிட்டு அப்பறம் கை வைங்க.

ரிலேய நேரா உருவி எடுத்து காதுகிட்ட வச்சு ஆட்டிப் பாருங்க. கிலுகிலுப்பை மாதிரி சத்தம் வந்தா உள்ள இருக்குற வில்லை ஒடஞ்சு போச்சு, அவ்ளோதான் நோய். கருகுன வாடை வந்தாலும் அதே தீர்ப்பு. சத்தம் வரலன்னா மீட்டர ஓம்ஸ்ல வச்சுப் பாக்கலாம், ஆறிப்போன பிடிசி பத்துல இருந்து முப்பது நாப்பது ஓம்ஸுக்குள்ள காட்டும், ஓவர்லோடு கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டணும். ரெண்டும் நல்லாருந்தா கம்ப்ரசர்ல துருத்திக்கிட்டு இருக்குற மூணு பின்னயும் மாத்தி மாத்தி அளந்து பாருங்க. மூணு அளவு வரும், அதுல சின்னது ரெண்டையும் கூட்டுனா பெருசு வரணும், உதாரணத்துக்கு 12, 20, 32. அப்படி வந்தா வைண்டிங் (உள்ள இருக்குற மோட்டாரோட கம்பிச் சுருள்) நல்லாருக்கு. எந்தப் பின்னுக்கும் கம்ப்ரசர் பாடிக்கும் நடுவுல (பெயிண்ட்ட கொஞ்சம் சுரண்டிட்டு) அளவே வரக்கூடாது, வந்தா உள்ள ஷார்ட், அது நம்ம வேலை இல்ல. ரிலே, ஓவர்லோடு ரெண்டும் செட்டா 200, 300 ரூவாக்குள்ள கெடைக்கும், பழச கடையில காட்டி அதே நம்பர்ல வாங்குங்க. நெறய பேர் வீட்டுல "கம்ப்ரசர் போச்சு, 6000 ஆகும்"னு சொன்னதுக்குப் பின்னாடி இந்த ஒடஞ்ச வில்லைதான் இருந்துருக்கும்.

ஒரு எச்சரிக்கை, உங்களுது இன்வெர்ட்டர் கம்ப்ரசர்னா (தேவைக்கேத்த மாதிரி வேகத்த மாத்திக்கிறது) மேல சொன்ன ரிலே கதையே கெடையாது. அதுக்கு ஒரு எலக்ட்ரானிக் போர்டுதான் கரண்ட் அனுப்பும், மூணு பின்னும் ஒரே அளவுதான் காட்டும். நேரா கரண்ட் குடுத்துப் பாக்குறேன்னு யாராவது கெளம்புனா கையப் புடிச்சு நிறுத்துங்க. போர்டு போனா பெரும்பாலும் கம்பெனி ஆள்தான், ஆனா பின்மூடியக் கழட்டி ஒரு பார்வை பாருங்க, எங்க வீட்டுல ஒரு தடவ பல்லி ஒண்ணு கதகதப்புக்குப் போய் போர்டு மேல படுத்து தானும் கருகி ஃப்யூஸையும் கருக்கி வச்சுருந்துச்சு. எலி கடிச்ச வயரும் அடிக்கடி பாக்குறதுதான்.

தெர்மோஸ்டாட், அதான் உள்ள ஒண்ணுல இருந்து ஏழு வரைக்கும் திருகுவோமே அந்த குமிழ். இது கெட்டா ரெண்டு விதமா காட்டும், கம்ப்ரசர் நிக்கவே நிக்காம பால் கூட ஐஸாயிரும், இல்லன்னா கம்ப்ரசர் ஆரம்பிக்கவே செய்யாது. பிளக்கப் புடுங்கிட்டு குமிழ இழுத்து, பெட்டியக் கழட்டி, ஃப்ரிட்ஜ் உள்ள குளிர் போய் ரூம் சூட்டுக்கு வந்த பெறகு குமிழ ஃபுல்ல வச்சு ரெண்டு டெர்மினலுக்கும் நடுவுல மீட்டர பீப் அடிக்கிற செட்டிங்ல வைங்க, பீப் வரணும், வரலன்னா போச்சு. அதுல இருந்து மெல்லிசா ஒரு செம்பு வால் கெளம்பி ஃப்ரீசர் சுவத்துல போய் ஒட்டியிருக்கும், அந்த வால் நுனிதான் குளிர அறியிற எடம். புதுச மாட்டும்போது பழசு எவ்ளோ நீளம் எங்க செருகியிருந்துச்சோ அதே மாதிரி செருகணும், வால மடக்கிரக்கூடாது, மடங்குனா புதுசே குப்பைதான். சில சமயம் தெர்மோஸ்டாட் நல்லாருக்கும், வால் மட்டும் கிளிப்புல இருந்து கழண்டு தொங்கும், திரும்ப மாட்டிவிட்டா முடிஞ்சது.

இப்ப நான் கெடுத்த கதை. சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜ், ஃப்ரீசர்ல ஐஸ் கட்டி மீன் பாக்கெட் ஒட்டிக்கிச்சு, வீட்டுக்கு விருந்தாளி வந்துட்டாங்க, அவசரத்துல ஸ்க்ரூ டிரைவர வச்சு ரெண்டு குத்து. மூணாவது குத்துல "உஸ்ஸ்ஸ்"னு ஒரு சத்தம், அவ்ளோதான், ஃப்ரீசர் சுவர்னு நெனச்சது அலுமினியத் தகட்டுக்குள்ளயே கேஸ் ஓடுற குழாய். அன்னைக்குத்தான் நெசமாவே கேஸ் போச்சு. அதனால கத்தி, கரண்டிக் காம்பு எதையும் கொண்டு போகாதீங்க. தெர்மோஸ்டாட் குமிழ் நடுவுல ஒரு பட்டன் இருக்குதுல்ல, ஐஸ் அரை விரல் தடிமன் ஏறுனதும் அத அமுக்குங்க, கம்ப்ரசர் தானா நின்னு ஐஸ் உருகுன பெறகு தானா ஓடும். அவசரம்னா ஆஃப் பண்ணிட்டு ஒரு கிண்ணத்துல வெந்நீர் வச்சு கதவ மூடுங்க, பத்து நிமிசத்துல பாளம் பாளமா விழும்.

டபுள் டோர், ஃப்ராஸ்ட் ஃப்ரீ வச்சுருக்கவங்களுக்கு வர்ற வியாதி வேற. மேல ஃப்ரீசர்ல ஐஸ் நல்லா இருக்கும், கீழ தயிர் வெதுவெதுன்னு இருக்கும். இதுலயும் கேஸ்னு சொல்லுவாங்க, கேஸ் இல்லாம மேல எப்படிங்க ஐஸ் புடிக்கும்? இந்த மாடல்ல காயில் ஃப்ரீசர் பின்சுவத்துக்குள்ள ஒளிஞ்சுருக்கு, அதோட குளிர ஒரு ஃபேன் கீழ தள்ளுது, சில மணி நேரத்துக்கு ஒரு தடவ ஹீட்டர் ஒண்ணு சூடாகி காயில் மேல படிஞ்ச பனிய உருக்கி விடணும். ஹீட்டர் வேலை செய்யலன்னா பனி மேல பனி ஏறி காத்துப் போற வழியே அடைஞ்சுரும். உறுதிப்படுத்திக்க, எல்லாத்தையும் வெளிய எடுத்து பிளக்கப் புடுங்கி கதவத் தெறந்து ஒரு நாள் முழுக்க விடுங்க, கீழ பழைய துண்டு நாலஞ்சு போட்டுக்கோங்க. மறுநா போட்டதும் அருமையா ஓடி, ஒரு வாரம் பத்து நாள்ல மறுபடி அதே கதைன்னா உருக்குற பக்கம்தான் கோளாறு. ஒரு நா கூட ஓடலன்னா ஃபேனப் பாருங்க, கதவத் தெறந்தா ஃபேன் நின்னுரும், அதனால கதவு சுவிட்ச விரலால அமுக்கிக்கிட்டே காது குடுக்கணும்.

உருக்குற பக்கம் நாலு சாமான். ஹீட்டருக்கு மீட்டர் வச்சா சில நூறு ஓம்ஸ் காட்டணும், ஒண்ணுமே காட்டலன்னா அறுந்துருச்சு. அதோட கூட ஒரு வெள்ளை ஃப்யூஸ், அது பீப் அடிக்கணும். அடுத்தது காயில் மேல கிளிப் போட்டு மாட்டியிருக்குற பைமெட்டல் (குளிரப் பாத்து ஹீட்டருக்குக் கரண்ட விடுற சின்ன சுவிட்ச்), இதுலதான் பல பேர் ஏமாந்து நல்லத தூக்கிப் போட்டுட்டு வேற வாங்குறாங்க. அது நல்ல குளிர்லதான் சேரும், ரூம் சூட்டுல மீட்டர் வச்சா பீப் வராது, வராதது தப்பே இல்ல. ஒரு டம்ளர்ல ஐஸ் கட்டியும் ஒரு கை கல்லுப்பும் போட்டு, பைமெட்டல பிளாஸ்டிக் கவர்ல சுத்தி பத்து நிமிசம் புதைச்சு வச்சு அப்பறம் மீட்டர் வைங்க. குல்பிக்காரர் செய்யிற அதே வேலைதான், உப்பு சேந்ததும் ஐஸ் பூஜ்யத்துக்கும் கீழ எறங்கிரும். அப்பவும் சேரலன்னா மாத்துங்க. நாலாவது, பழைய மாடல்ல டைமர் (கம்ப்ரசரையும் ஹீட்டரையும் மாத்தி மாத்தி ஓட விடுறது). அதோட அடியில ஒரு திருகு இருக்கும், டிரைவர வச்சு மெதுவா ஒரே பக்கமா திருப்புனா ஒரு எடத்துல டிக்குனு சத்தம் வந்து ஹீட்டர் பக்கம் மாறும். மாத்திவிட்டு பிளக் போட்டா ஒரு மணி நேரத்துக்குள்ள தானா திரும்பி கம்ப்ரசர ஓட விடணும், விடலன்னா டைமர் ஒறைஞ்சு போச்சு. புது மாடல்ல டைமருக்குப் பதிலா போர்டும் சென்சாரும்.

காய்கறி டிரே அடியில தண்ணி தேங்குதுன்னா பயப்படவே வேணாம், உருகுன தண்ணி போற ஓட்டை அடைச்சுருக்கு. பின்சுவத்துல கீழ ஒரு சின்னக் குழி தெரியும், சிரிஞ்ச்ல வெந்நீர் எடுத்து நாலு தடவ பீச்சுங்க, ஒரு மல்லித்தழை காம்போ பாலித்தீன் துணுக்கோ வெளிய வரும். அந்தத் தண்ணி போய்ச் சேர்ற தட்டு கம்ப்ரசர் மேல இருக்கும், வாரம் ஒரு தடவ அதக் கொட்டிக் கழுவுங்க, டெங்கு கொசு முட்டை வைக்கிற எடத்துல அது முக்கியமானது.

ஃப்ரிட்ஜத் தொட்டா சுர்ருன்னு அடிக்குதுன்னா மேல சொன்ன எதையும் தொடாதீங்க, பிளக்கப் புடுங்கிட்டு எலக்ட்ரீசியனக் கூப்புட்டு எர்த்தப் பாக்கச் சொல்லுங்க. அதே மாதிரி கேஸ் குழாய அறுக்குறது, வெல்டிங் வைக்கிறது நம்ம வேலையே கெடையாது. கம்ப்ரசர் மேல ஆர் 600ஏன்னு போட்டு மஞ்சள் முக்கோணத்துல தீப் படம் இருந்தா அது ஐசோபியூட்டேன், சமையல் கேஸுக்குப் பங்காளி, பத்திக்கும்.

நெசமாவே கேஸ்தான் போயிருச்சுன்னு தெரிஞ்சா மெக்கானிக் கிட்ட மூணு கேள்வி கேளுங்கண்ணே: லீக் எங்கன்னு கண்டுபுடிச்சீங்களா, ஃபில்டர் புதுசு போடுவீங்களா, வேக்கம் (குழாய்ல இருக்குற காத்தையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்குறது) எவ்ளோ நேரம் போடுவீங்க. ஓட்டைய அடைக்காம கேஸ் மட்டும் ஏத்துனா ரெண்டு மாசத்துல மறுபடி அவருக்குத்தான் போன் போடுவீங்க. இந்த மூணுக்கும் நிதானமா பதில் சொல்ற ஆள் கெடச்சா பேரம் பேசாம காசக் குடுங்க, அந்த மாதிரி ஆளுங்க கொறைவு.

எந்த வேலை முடிச்சாலும் உடனே மாவுப் பாத்திரத்த உள்ள தள்ளாதீங்க. நடுத்தட்டுல ஒரு டம்ளர் தண்ணி வச்சு அதுக்குள்ள ஒரு தெர்மாமீட்டர் (ஜுரம் பாக்குறது இல்ல, கடையில 100, 150க்கு கெடைக்குமே அது) போட்டு ராத்திரி விடுங்க, காலைல 3ல இருந்து 5 டிகிரிக்குள்ள இருந்தா சரி. அத்தை வீட்டுல மறுநா காலைல 4 காட்டுச்சு. கழட்டுன பழைய கேஸ்கெட்ட குப்பைல போடப் போனேன், "அதுக்குள்ள காந்தம் இருக்குமே மாப்ள"ன்னு வாங்கி வச்சுக்கிட்டாங்க. போன மாசம் போனப்ப பாத்தேன், ரப்பரக் கீறி உள்ள இருந்த காந்தப் பட்டைய உருவி, அடுப்படி ஜன்னல் கொசுவலை ஓரத்துல வச்சுத் தச்சுருக்காங்க, கம்பியில பச்சக்குனு ஒட்டிக்குது.